டோக்கன் எண் அறுபத்தேழு

நாற்பத்தொன்று என்று அந்தக் குரல் சொன்னதும் செண்பகவடிவுக்கு வழக்கம்போல முதலில் வெட்கம்தான் வந்தது. கண் ஆஸ்பத்திரிக் கூடத்தில் வரிசைக்கு ஒன்பது நாற்காலி, மொத்தம் பதினான்கு வரிசை; சொட்டு மருந்து விடுவதற்கு முன்பே எண்ணி வைத்திருந்தாள். இப்போது எண்ண முடியாது. மருந்து விட்ட நர்ஸ், கூப்பிடும்வரை கண்ணை மூடியே இருங்கம்மா என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். மூடிய இமைக்குள் செம்மண் கலங்கின மாதிரி ஒரு வெளிச்சம், அதற்குள் கூரை ஒலிபெருக்கியிலிருந்து இறங்கி வருகிற அவளுடைய குரல். அவளுடையதுதான், ஆனால் நாற்பத்து மூன்று வயதில் பதிவு செய்து கொடுத்தது; இப்போது அவளுக்கு அறுபத்தொன்று. தொண்டை தடித்துவிட்டது, ஒரு பல்லும் போய்விட்டது. கூரைக்கு மட்டும் வயது ஏறவில்லை. "டோக்கன் எண் நாற்பத்திரண்டு. அறை எண் இரண்டு." இரண்டில் 'ண்' கொஞ்சம் அழுந்தி வரும், அது அவளுக்கு அப்போதே தெரியும், மூன்று தரம் திரும்பச் சொல்லிப் பார்த்தும் அழுத்தம் போகவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்தவள் ஆலங்குளத்துக்காரி, டோக்கன் அறுபத்தெட்டு. உட்கார்ந்த இரண்டாம் நிமிடமே ஊரும் வயதும் கண்ணில் விழுந்த பூவும் எல்லாம் சொல்லிவிட்டாள். அவள் இப்போது, "இவ யாருக்கா, மூக்கடைச்சவ மாதிரி பேசுதா? காலையில இருந்து வாயே ஓயல. ஒரு வாய் காப்பி குடிச்சிட்டு வந்து பேசப்பிடாதா?" என்றாள். மூக்கடைப்பு இல்லை அது, பதிவு செய்த அறையில் காற்றாடி கிடையாது, அதுதான் என்று வடிவுக்குச் சொல்லத் தோன்றியது. சொன்னால், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாள். வடிவு தன் கையிலிருந்த டோக்கனைக் கட்டைவிரலால் தடவினாள். அறுபத்தேழு. கொடுத்தவளிடம் வேறு எண் கேட்டிருக்கலாம். அறுபத்தாறு போதும், எழுபது போதும். கேட்க வாய் வரவில்லை.

பைக்குள் இன்னும் கையெழுத்துப் போடாத காகிதம் இருந்தது. படிக்க முடியாவிட்டால் என்ன, எட்டு வரிதான், எட்டும் மனப்பாடம். முதல் வரியில் அவள் பெயர், இரண்டில் கணவர் சங்கரபாண்டியன் பெயர், மூன்றில் விலாசம். நாலில், பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் இன்ன தேதியில் தன் குரலைப் பதிவு செய்ய ஒப்புக்கொண்டு, அதை யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தில் கையெழுத்திட்டது. ஐந்தில்தான் சிக்கல். 'நான் எட்டாம் வகுப்பு வரை மட்டுமே படித்தவள். மேற்படி உரிமத்தின் பொருள் எனக்கு அப்போது விளக்கப்படவில்லை. எதில் கையெழுத்திடுகிறேன் என்று அறியாமல் கையெழுத்திட்டேன்.' கம்ப்யூட்டர் குரல் விற்கிற கம்பெனிக்காரர் கீர்த்திவாசன், வெள்ளைச் சட்டை, வாயில் ஏலக்காய் வாசனை, அந்த வரிக்குக் கீழே மட்டும் பென்சிலால் கோடு போட்டுக் காட்டினார். "இது ஒண்ணுதாம்மா. மத்ததெல்லாம் சும்மா. நீங்க தெரியாம போட்டீங்கன்னு ஆயிட்டா அந்த இலவசக் குரலை எல்லாரும் எடுத்துத்தான் ஆகணும். அப்புறம் எங்ககிட்ட மட்டும் இருக்கும். பூட்டு போட்டு வைப்போம். யார் கேட்டாலும் எதுக்குன்னு கேட்டுத்தான் குடுப்போம்." பன்னிரண்டு நிமிடம் பேசினார், அவளை ஏழு தரம் அம்மா என்றார், ஒரு தரம் மேடம் என்றார். போகிறபோது, "பழைய பதிவைக் கேட்டேம்மா. அறுபத்தேழுல ஒரு சின்னப் பிசிறு இருக்கு. நாங்க எடுக்கும்போது அதையும் சுத்தம் பண்ணிடுவோம்" என்றார். அதுதான் அவளைப் பிடித்துக்கொண்டது. அவர் தருவதாகச் சொன்ன பணம்கூட இல்லை. பதினெட்டு வருஷமாக அவளுக்கும் பதிவு செய்தவர்களுக்கும் மட்டும் தெரிந்திருந்த பிசிறு. அதைக் கண்டுபிடிக்கிற காது உள்ள மனுஷன் கெட்டவனாக இருக்க முடியுமா? பதினொரு மணிக்குப் போன் செய்வார். ஆமாம் அல்லது இல்லை, ஒரு வார்த்தை. இன்றைக்கே வக்கீல் தாக்கல் செய்ய வேண்டுமாம். "மணி என்ன?" என்று கேட்டாள். "பத்து ஆகப்போவுது" என்றாள் ஆலங்குளத்துக்காரி. டோக்கனுக்கு மூன்று நிமிடம் என்றாலும் இருபத்தைந்துக்கு எழுபத்தைந்து நிமிடம். போன்தான் முந்தும்.

நாற்பத்தாறு. நாற்பத்தேழு. நாற்பத்தேழு நன்றாக வந்திருக்கிறது, ஒரு குறையும் சொல்ல முடியாது. பதிவு செய்தது ஒரு மே மாதம். கல்லூரி நூலகத்துக்குப் பின்னால் ஒரு அறை, சுவர் நாலிலும் பழைய மெத்தைகளை ஆணி அடித்துத் தொங்கவிட்டிருந்தார்கள், எதிரொலி வரக்கூடாதாம். காற்றாடி கிடையாது, அதன் சத்தம் பதிவாகிவிடும். கண்ணாடி வளையலைக் கழற்றச் சொன்னார்கள். இரண்டாம் நாள் கஞ்சி போட்ட சேலை கட்டிப்போனாள், உட்கார்ந்து எழும்போது மொறுமொறுவென்றது, அன்று எடுத்த நாற்பத்தொரு வாக்கியமும் வீண். மூன்றாம் நாளிலிருந்து துவைத்துத் துவைத்து நைந்துபோன வாயில் சேலை. மோர் குடிக்கக்கூடாது, வெந்நீர் மட்டும். இருபத்திரண்டு நாள், ஆயிரத்து நூற்று முப்பத்திரண்டு வாக்கியம், அதற்கு மேல் ஒன்று முதல் நூறு வரை எண்கள். கம்ப்யூட்டர் பிறகு வெட்டி ஒட்டி எதையும் பேசுவதற்காக எல்லா ஒலியும் வர வேண்டும் என்று எழுதின வாக்கியங்கள், ஒன்றுக்கும் தலைகால் கிடையாது. குரங்கு குடை பிடித்துக்கொண்டு தபால் ஆபீசுக்குப் போனது என்று ஒன்று, சிரிக்காமல் சொல்ல வேண்டும். அதைக்கூடச் சிரிக்காமல் சொன்னாள். பஸ் ஸ்டாண்டில் மைக்கில் பேசியவளை எதற்குத் தேடி வந்தார்கள் என்று அவளுக்கு இன்றும் ஆச்சரியம். நாலு பேர் முன்னால் வாய் திறக்கமாட்டாள், கல்யாண வீட்டில் சாதம் போதும் என்று சொல்லக்கூட வெட்கம். நேர அலுவலகத்துப் பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு மைக் முன்னால் உட்கார்ந்தால் மட்டும் குரல் தானாக நிமிர்ந்து நிற்கும். அங்கே அவள் ஒரு முறை வைத்திருந்தாள். மற்றவர்கள் கடைசி ஊரை முதலில் சொல்வார்கள். அவள் வழியில் உள்ள சின்ன ஊர்களை முதலில் சொல்லி, பிறகு கடைசி ஊர், பிறகு நடைமேடை. கடைசி ஊருக்குப் போகிறவனுக்குத் தன் பஸ் எது என்று தெரியும், நடுவழியில் இறங்குகிறவன்தான் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவான். இரண்டு வருஷம் கழித்துத் தென்காசிக்குப் போனபோது அங்கேயும் ஒருத்தி அதே வரிசையில் சொல்லிக்கொண்டிருந்தாள். வடிவு முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். யாரும் அவளிடம் அனுமதி கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அவளுக்கும் தோன்றவில்லை. கீர்த்திவாசன் சொன்னார், ஒலிகளை ஒட்டுகிற முறை ஒன்றுக்கே கம்பெனி காப்புரிமை வாங்கியிருக்கிறதாம், வேறு யாரும் அப்படி ஒட்டக்கூடாதாம். அப்படியென்றால் அவள் ஊர்களைச் சொல்லும் வரிசைக்கும் வாங்கியிருக்கலாமோ? வாங்கியிருந்தால் தென்காசியில் எத்தனை பேர் பஸ்ஸை விட்டிருப்பார்கள்?

ஐம்பத்திரண்டு. யாரோ குழந்தை அழுதது, அடங்கியது. விளக்கப்படவில்லை. அந்தச் சொல்லைத்தான் அவளால் தாண்ட முடியவில்லை, ஈறில் அகப்பட்ட பாக்குத்தூள் மாதிரி நாக்கு அங்கேயே போகிறது. விளக்கினானே. தாவீது விளக்கினான். பிறவியிலேயே பார்வை கிடையாது, அப்போது இருபத்து நாலு வயது, அந்தக் குரலைக் கம்ப்யூட்டருக்குள் சேர்க்கிற கூட்டத்தில் அவனும் ஒருவன். கடைசி நாள் மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். இவள் காகிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், புரியாததில் கையெழுத்துப் போடும் வழக்கம் அவளுக்கு இல்லை, பால்காரன் அட்டையில்கூடத் தேதி பார்த்துத்தான் போடுவாள். அவன் தன்னிடமிருந்த புள்ளி எழுத்துப் பிரதியை மடியில் விரித்து, விரலை ஓட்டி ஓட்டி ஒவ்வொரு வரியாகப் படித்தான். பதினோரு வரி. மூன்றாம் வரியில், யார் வேண்டுமானாலும் எதற்கு வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்று வந்தது. "நில்லு தம்பி. எதுக்கு வேணாலும்னா? கெட்டதுக்குமா?" விரல் நின்றது. அவன் அவசரப்பட்டுப் பதில் சொல்லவில்லை, அதுதான் அவளுக்கு ஞாபகம். பிறகு சொன்னான்: "ஆமாக்கா. கெட்டதுக்கும்தான். அப்படி நடக்காதுன்னு நான் சொன்னா அது பொய்யி. நீங்க பாபநாசம் பஸ்ஸு மூணாவது நடைமேடையில நிக்குன்னு சொல்லுதிய. அதுல ஏறிப் போறவன் என்ன சோலிக்குப் போறான்னு கேட்டுட்டா சொல்லுதிய?" அவள் நாலாவது வரியைப் படிக்கச் சொன்னாள். பதினொன்றும் முடிந்த பிறகு போட்டாள், முழுப் பெயர், இனிஷியலோடு. அவன் அவள் கையெழுத்தைப் பார்த்ததில்லை. பேனா காகிதத்தில் ஓடின சத்தத்தைக் கேட்டிருப்பான். அந்த அறையில் வேறு யாரும் இல்லை. யாரும் விளக்கவில்லை என்று இன்றைக்கு அவள் சொன்னால், எட்டாம் வகுப்புக்காரிக்கு என்ன தெரியும் என்று உலகம் உடனே நம்பும். ஒரு சாட்சியும் வேண்டாம். அவ்வளவு சுலபமாக நம்புவார்கள் என்பதுதான் உள்ளே எங்கேயோ சுட்டது.

ஆனால் மாரிக்கனி. ஐம்பத்தைந்து, ஐம்பத்தாறு என்று குரல் போய்க்கொண்டே இருந்தது. மாரிக்கனியை நினைக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே அவள் முதலில் லேகிய ஆட்டோவை நினைத்தாள், அது சிரித்துவிட்டுப் போகக்கூடியது. ஒரு மத்தியானம் தெருவில் ஒலிபெருக்கி கட்டின ஆட்டோ, அதில் அவள் குரல், ஆண்மைக்கு லேகியம், நாற்பது நாள் சாப்பிட்டால் போதும் என்றது, குரங்கு வாக்கியத்தைச் சொன்ன அதே நிதானத்தோடு. தூங்கிக்கொண்டிருந்த சங்கரபாண்டியன் திடுக்கிட்டு எழுந்து, "ஏளா, என்னத்தச் சொல்லுத? யார்ட்டச் சொல்லுத?" என்று கேட்டார். மூன்று நாள் அவரைப் பார்க்கும்போதெல்லாம் அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். அவர் நாலாம் நாளும் விடாமல், "அந்த டாக்டரம்மா எங்க?" என்றார். சரி. அது போகட்டும். மாரிக்கனி பூக்காரி, நாலு வீடு தள்ளி. அவள் மகள் தனக்குப் பிடித்த பையனோடு போய்த் திருப்பூரில் தாலி கட்டிக்கொண்டாள். ஒரு வாரத்தில் அந்தப் பிள்ளையின் படத்தைப் போட்டு எல்லாப் போனிலும் ஒரு வீடியோ, அதில் வடிவின் குரல், அவள் வாழ்நாளில் ஒரு தரம்கூடச் சொல்லாத வார்த்தைகளைச் சொன்னது. சொல்லவே இல்லை. ஆயிரத்து நூற்று முப்பத்திரண்டிலும் அந்த வார்த்தை கிடையாது, அவளுக்கு நிச்சயம். ஆனால் அதன் முதல் ஒலி ஏதோ ஒரு வாக்கியத்தில் இருந்திருக்கிறது, நடு ஒலி வேறொன்றில், ஒருவேளை தபால் ஆபீஸ் குரங்கிலேயே இருந்திருக்கலாம். எவனோ உட்கார்ந்து ஒட்டியிருக்கிறான். மாரிக்கனி வாசலில் வந்து நின்றாள், கையில் போன், கூடையை இறக்கவில்லை. "வடிவக்கா, இது உங்க தொண்டதானே?" கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் தேவலை. வடிவு, "நான் இல்ல" என்றாள். கதவைச் சாத்தினாள். நான் இல்லை என்றது உண்மை. அது பொய்யும்தான். அன்றிலிருந்து ஒன்பது நாள் மாரிக்கனி இந்த வாசலில் பூ வேணுமா என்று குரல் கொடுக்கவில்லை, பத்தாம் நாள் கீர்த்திவாசன் வந்தார். பூட்டு என்று அவர் சொன்னபோது அந்தச் சொல் எவ்வளவு குளிர்ச்சியாக இருந்தது! பூட்டியிருந்தால் அந்தப் பிள்ளையைப் பேசியிருக்க மாட்டார்கள். வேறு குரலில் பேசியிருப்பார்கள். எழுதினவன் எப்படியும் எழுதியிருப்பான்தானே. ஆமாம், ஆனால் வேறு குரலில். வேறு எவளோ ஒருத்தி கதவைச் சாத்தியிருப்பாள்.

பூட்டு என்றால் தாவீதுக்கு வேறு. இப்போது அவன் வாத்தியார், கழுத்தில் ஒரு காதுக்கருவி மாட்டிக்கொண்டு போனில் வருவதையெல்லாம் அவள் குரலில் கேட்கிறான், மூன்று மடங்கு வேகத்தில். ஒரு தரம் அவளுக்குக் கேட்கக் கொடுத்தான், அரிசி புடைக்கிற மாதிரி இருந்தது. "பி.எட். முழுசும் உங்க குரல்லதான் படிச்சேன்க்கா. பொண்டாட்டிக்கு அதுல கொஞ்சம் பொறாம" என்றான். அதற்கு முன்னால் விலைக்கு வாங்கின குரல் ஒன்று வைத்திருந்தானாம், ஒரு கம்ப்யூட்டருக்குத்தான் அனுமதி, பெட்டியின் பின்னால் சாவி மாதிரி ஒன்றைச் செருகினால்தான் பேசும். கம்ப்யூட்டர் கெட்டுப்போன அன்று குரலும் போயிற்று. சாவி கையில் இருக்கிறது, ஆனால் விற்ற கம்பெனி இல்லை, திறந்து பார்த்துச் சரிசெய்ய வேறு யாருக்கும் உரிமையும் இல்லை. "அன்னைக்குப் பரீட்ச. காலையில எந்திரிச்சா ஊமை. எனக்கு ஒண்ணும் ஆகல, ஆனா நான்தான் ஊமையாயிட்டேன்." அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். அவனுக்கு எதையும் சிரித்துக்கொண்டேதான் சொல்லத் தெரியும். அறுபத்தேழும் அவனால்தான். கடைசிக்கு முந்தின நாள், மத்தியானம் இரண்டு மணி, எல்லாருக்கும் பசி. அறுபத்தாறு முடித்து அவள் மூச்செடுக்கிற நேரம், மெத்தை போட்ட அந்த நிசப்தத்தில் தாவீதின் வயிறு நீளமாக ஒரு சத்தம் போட்டது, கேள்வி கேட்கிற மாதிரி முடிவில் மேலே தூக்கி. அவன் முகத்தை அப்படியே அசையாமல் வைத்துக்கொண்டான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னாள். அறுபத்தேழு. 'தே'யில் தொடங்கி 'ழு' வரை ஒரு சிரிப்பு, பாதி விழுங்கினது, உள்ளே மாட்டிக்கொண்டது. இன்னொரு தரம் எடுங்க என்று கெஞ்சினாள். நல்லா இருக்குக்கா, மனுஷக் குரல்னு தெரியட்டும் என்று சொல்லி விட்டுவிட்டார்கள். பதினெட்டு வருஷம்! எத்தனை பேங்கில், எத்தனை ஆஸ்பத்திரியில், எத்தனை அறுபத்தேழாவது ஆள், தன்னைப் பார்த்து எதற்குச் சிரிக்கிறாள் என்று நினைத்திருப்பான்? துக்கத்தோடு வந்தவன் ஒருத்தனாவது இருந்திருப்பானே. சுத்தம் பண்ணிடுவோம் என்றார் கீர்த்திவாசன்.

அறுபத்து மூன்று. அறுபத்து நாலு. எதிர்பார்த்ததைவிட வேகம், இரண்டாம் அறையில் டாக்டர் ஒருவர் கூடுதலாக வந்துவிட்டார் போல. கண்ணைத் திறந்து பார்த்தாள், எல்லாம் வெள்ளை ஆவி, ஆட்கள் துணி காயப்போட்ட மாதிரி அசைந்தார்கள். காகிதத்தை எடுத்து முகத்துக்கு அருகே வைத்தாள், எட்டு வரியும் ஒரே சாம்பல் பட்டை. இப்போது இதில் கையெழுத்துப் போட்டால் அதுதான் எதில் போடுகிறேன் என்று அறியாமல் போட்டது, என்று நினைத்தாள். அந்த நினைப்பு வந்ததும் உடம்பு லேசாக நிமிர்ந்தது. பைக்குள் போன் அதிர்ந்தது. "அறுபத்தைந்து" என்றது குரல். "யக்கா, போன் அடிக்கே, எடுக்கலியா?" "கண்ணு தெரியல. பச்சையை அமுக்கித் தாங்களேன்." ஆலங்குளத்துக்காரி அமுக்கினாள், அமுக்கினபோது ஒலிபெருக்கியும் சேர்ந்து திறந்துகொண்டது, கீர்த்திவாசன் கூடம் முழுக்கக் கேட்கும்படி வந்தார். "வணக்கம்மா! அஞ்சு நிமிஷம் முன்னாடியே போட்டுட்டேன். ஆமாதானே? வக்கீல் பக்கத்துலயே இருக்கார்." நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள். வரிசைக்கு ஒன்பது, பதினான்கு வரிசை. "சார்," என்றாள், "அந்த அஞ்சாவது வரி." "அது ஒரு ஃபார்மாலிட்டிம்மா. எட்டாவது படிச்சவங்களுக்கு உரிமம் கிரிமமெல்லாம் என்ன புரியும்? கோர்ட் உடனே ஏத்துக்கும்." "அறுபத்தாறு" என்றது கூரை. அவளுக்கு அடுத்தது என்ன என்று தெரியும், தொண்டைக்குள் மூச்செடுக்கிற இடம்கூடத் தெரியும், அந்த வயிற்றுச் சத்தத்துக்கு அவள் காது இப்போதும் காத்திருந்தது.

"டோக்கன் எண் அறுபத்தேழு." சிரித்தது. கூடத்தில் யாரும் திரும்பவில்லை. ஆலங்குளத்துக்காரி மட்டும், "பாத்தியளா, இந்த நம்பருக்கு மட்டும் சிரிக்கா! எவனோ கிச்சுக்கிச்சு மூட்டியிருக்கான்" என்று தானும் சிரித்தாள், காலையிலிருந்து கண்ணில் பூவோடு உட்கார்ந்திருந்தவள். வடிவு போனை வாய்க்கு அருகே வைத்தாள். "சார், எனக்குப் புரிஞ்சுது. பதினோரு வரியையும் படிக்கச் சொல்லிக் கேட்டு, மூணாவது வரிக்குக் கேள்வியும் கேட்டு, பொறவுதான் போட்டேன். கெட்டதுக்கும்னு தெரிஞ்சுதான் போட்டேன். தெரியாமப் போட்டேன்னு எழுத என்னால முடியாது." அவர் விடவில்லை. "அப்போ அந்த வீடியோ? அந்தப் பொண்ணு வீட்டுக்காரங்க கேட்டா என்ன சொல்வீங்க?" அவர் அதைக் குத்துவதற்குத்தான் கேட்டார், ஆனால் அது நியாயமான கேள்வி. "கேட்டாச்சு. என் குரல்தான்னு போய்ச் சொல்லணும். ஒட்டுனவன் யாருன்னு தேட மாரிக்கனியோட போலீசுக்கும் போகணும். இன்னைக்கே." இவ்வளவு நீளமாக அவள் மைக் இல்லாமல் பேசியதில்லை. "அறுபத்தேழை அப்படியே விட்டுருங்க" என்று சேர்த்துச் சொல்ல நினைத்தாள், அதற்குள் அவர் வைத்துவிட்டார். ஆலங்குளத்துக்காரியின் சிரிப்பு நின்றிருந்தது. அவள் கூரையைப் பார்த்தாள், வடிவைப் பார்த்தாள், மறுபடி கூரையைப் பார்த்தாள். "யக்கா… அது…" வடிவு எழுந்து, காகிதத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்து, முன் நாற்காலிகளின் முதுகை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிக்கொண்டே நடந்தாள். ஆறாவது முடிகிற இடத்தில் வெள்ளையாக ஒரு உருவம் கையை நீட்டியது. "அறுபத்தேழு யாரும்மா? ரெண்டு தடவை கூப்பிட்டாச்சு."

"நான்தான்" என்றாள் வடிவு.